நாடாளுமன்றத்தில் உங்கள் எம்.பி. எந்தப் பக்கம் நின்றார்?

தொகுதிக்கு என்ன செய்தீர்கள் என்று எம்.பி.யைக் கேட்க நமக்குத் தெரியும். ரயில் நிறுத்தம், மேம்பாலம், சமுதாயக் கூடம், தொகுதி நிதியில் பயணிகள் நிழற்குடை என்று பட்டியலே வைத்திருப்போம். கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் அவரை டெல்லிக்கு அனுப்பியது முதலில் சட்டம் இயற்றத்தான். நாடு முழுவதையும் கட்டுப்படுத்தப் போகும் ஒரு மசோதா வரும்போது அவர் கையில் ஒரு வாக்கு இருக்கிறது. அதை அவர் நம் சார்பில் போடுகிறார். எப்படிப் போட்டார் என்று கேட்பவர்கள் குறைவு. கேட்க நினைப்பவர்களுக்கும் அதை எங்கே பார்ப்பது, பார்த்ததை எப்படிப் புரிந்துகொள்வது என்பது தெரிவதில்லை.

ஒரு தேசியக் கொள்கையில் ஓர் உறுப்பினர் எங்கே நின்றார் என்பதை அறிய நம்மிடம் மூன்று தடயங்கள் உண்டு: அவர் பேசியது, அவர் வாக்களித்தது, வாக்களிக்காமல் போனது. இவற்றில் ஒன்றை மட்டும் பார்த்து முடிவுக்கு வந்தால் பெரும்பாலும் தவறாகவே புரிந்துகொள்வோம். ஒரு பழைய வாக்கெடுப்பை எடுத்துக்கொண்டால் இது நன்றாக விளங்கும்.

2012 டிசம்பர் 5

2012 செப்டம்பரில் மன்மோகன் சிங் அரசு சில்லறை வணிகத்தில் 51 சதவீதம் வரை அந்நிய நேரடி முதலீட்டை அனுமதித்தது. வால்மார்ட் வந்தால் அண்ணாச்சி கடைகள் என்னவாகும் என்பதுதான் அன்று தமிழ்நாட்டில் எங்கு பார்த்தாலும் பேச்சு. செப்டம்பர் 20 அன்று நாடு தழுவிய முழு அடைப்பு நடந்தது. மத்திய அமைச்சரவையில் இடம்பெற்றிருந்த திமுகவே அந்தப் போராட்டத்துக்கு ஆதரவு தெரிவித்தது.

அதன் பிறகு குளிர்காலக் கூட்டத்தொடர் வந்தது. எதிர்க்கட்சிகள் விதி 184-இன் கீழ் விவாதம் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றன. மக்களவை விதி 193-இன் கீழ் விவாதித்தால் எல்லோரும் பேசிவிட்டுக் கலையலாம், வாக்கெடுப்பு இல்லை. விதி 184-இன் கீழ் என்றால் பேச்சின் முடிவில் வாக்கெடுப்பு உண்டு. அவை சில நாட்கள் முடங்கியதே இந்த ஒரு வேறுபாட்டுக்காகத்தான். பேச்சோடு முடிந்தால் யார் வேண்டுமானாலும் எதிர்ப்பாளராக ஊர் திரும்பலாம். வாக்கெடுப்பு நடந்தால் பெயர் பதிவாகிவிடும். கடைசியில் அரசு இறங்கி வந்தது.

முதலீட்டை அனுமதிக்கும் முடிவைத் திரும்பப் பெற வேண்டும் என்ற தீர்மானம் டிசம்பர் 5 அன்று வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவு 218, எதிர்ப்பு 253. தீர்மானம் தோற்றது, அரசின் முடிவு நின்றது.

இந்த எண்களுக்குப் பின்னால் போய்ப் பாருங்கள். விவாதத்தில் அந்நிய முதலீட்டை எதிர்த்துப் பேசிய சமாஜ்வாதி கட்சிக்கு 22 உறுப்பினர்கள், பகுஜன் சமாஜுக்கு 21 பேர். வாக்கெடுப்பு நேரத்தில் இரு கட்சிகளும் வெளிநடப்பு செய்தன. பேசியபடியே வாக்களித்திருந்தால் 218 என்பது 261 ஆகியிருக்கும், அரசு தோற்றிருக்கும். திமுகவின் நிலை இன்னும் கவனிக்கத்தக்கது. அந்நிய முதலீட்டில் தங்களுக்கு உடன்பாடில்லை, ஆனாலும் பாஜக பலன் பெறக் கூடாது என்பதால் அரசுடன் வாக்களிப்போம் என்று கருணாநிதி முன்பே வெளிப்படையாக அறிவித்துவிட்டார். திமுகவுக்கு அப்போது மக்களவையில் 18 பேர். அந்த 18 வாக்குகளும் அரசின் பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கம் போயிருந்தால் கணக்கு 235-க்கு 236 என்று புரண்டிருக்கும். இரண்டு நாள் கழித்து மாநிலங்களவையில் அதிமுகவின் மைத்ரேயன் கொண்டுவந்த இதே போன்ற தீர்மானமும் 109-க்கு 123 என்று தோற்றது. அங்கே பகுஜன் சமாஜ் ஒரு படி மேலே போய் அரசுக்கு ஆதரவாகவே வாக்களித்தது.

திமுக செய்தது சரியா தவறா என்பது அவரவர் அரசியல். கூட்டணியைக் காப்பதும் ஒரு கொள்கை முடிவுதான் என்று ஒருவர் வாதிடலாம், அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் 'திமுக சில்லறை வணிகத்தில் அந்நிய முதலீட்டை எதிர்த்தது' என்று மட்டும் எழுதினாலும், 'திமுக ஆதரித்தது' என்று மட்டும் எழுதினாலும் அது பாதிச் செய்திதான். பேச்சையும் வாக்கையும் சேர்த்துப் படித்தால்தான் நடந்தது என்ன என்று தெரியும்.

இன்னொன்றும் கவனியுங்கள். அன்று 'ஆம்' என்று பொத்தானை அழுத்தியவர்கள் அந்நிய முதலீட்டை எதிர்த்தவர்கள், 'இல்லை' என்றவர்கள் அதைக் காப்பாற்றியவர்கள். பதிவேட்டில் 'ஆம்' என்று இருப்பதைப் பார்த்ததும் ஆதரவு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எந்தக் கேள்விக்கு 'ஆம்' என்பதை முதலில் பார்க்க வேண்டும். மசோதாவை நிறைவேற்றவா, அதை விரிவாக ஆராயும் தேர்வுக் குழுவுக்கு அனுப்பவா, ஒரு திருத்தத்தைச் சேர்க்கவா, அரசின் முடிவை ரத்து செய்யவா? சமூக ஊடகத்தில் 'இவர் இந்த மசோதாவுக்கு எதிராக வாக்களித்தார்' என்று சுற்றும் படங்களில் பாதிக்குழப்பம் இங்கேதான் பிறக்கிறது.

வாக்கு எப்போது பெயரோடு பதிவாகிறது

நாடாளுமன்றத்தில் பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறுகின்றன. சபாநாயகர் கேள்வியை முன்வைப்பார், ஆதரிப்பவர்கள் 'ஆம்' என்பார்கள், எதிர்ப்பவர்கள் 'இல்லை' என்பார்கள். எந்தச் சத்தம் பெரிது என்று அவர் முடிவு செய்து அறிவிப்பார். எண்ணிக்கையும் கிடையாது, பெயரும் கிடையாது. அந்த நேரத்தில் உங்கள் எம்.பி. அவையில் இருந்தாரா, வாயைத் திறந்தாரா என்பதற்கு எந்த எழுத்துச் சான்றும் இருக்காது.

யாராவது ஓர் உறுப்பினர் முடிவை ஏற்காமல் 'டிவிஷன்', அதாவது வாக்குகளை எண்ணும் வாக்கெடுப்பு, கேட்டால் நிலைமை மாறும். சபாநாயகர் அவையின் முன்கூடத்தைக் காலி செய்யச் சொல்வார். மணி ஒலிக்கும். மக்களவை விதிப்படி மூன்றரை நிமிடம் அவகாசம், வெளியே இருப்பவர்கள் ஓடி வந்து இருக்கையைப் பிடிக்க வேண்டும். கதவுகள் மூடப்படும். கேள்வி மறுபடி முன்வைக்கப்படும். உறுப்பினர்கள் தங்கள் இருக்கையில் உள்ள பொத்தானை அழுத்துவார்கள்: ஆம், இல்லை, அல்லது வாக்களிக்க விருப்பமில்லை. இயந்திரம் சரியாகப் பதிவு செய்யவில்லை என்றால் சீட்டில் எழுதித் தரலாம். அதனால்தான் முடிவை அறிவிக்கும்போது 'திருத்தத்துக்கு உட்பட்டது' என்று சேர்த்துச் சொல்கிறார்கள். மறுநாள் பத்திரிகையில் வரும் எண்ணுக்கும் அவைக்குறிப்பில் பிறகு நிற்கும் எண்ணுக்கும் சில நேரம் வித்தியாசம் இருப்பதற்குக் காரணம் இந்தச் சீட்டுகள்தான். யாரும் மோசடி செய்துவிட்டதாக நினைக்க வேண்டாம்.

சபாநாயகருக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. டிவிஷன் தேவையில்லாமல் கேட்கப்படுகிறது என்று அவர் கருதினால், இரு தரப்பையும் எழுந்து நிற்கச் சொல்லித் தலையை எண்ணி முடித்துவிடலாம். அப்படிச் செய்தால் பெயர்கள் பதிவாகாது என்று விதியே சொல்கிறது.

பெயர் பதிவாகாமல் போன மிகப் பெரிய சமீபகால உதாரணம் 2020-இன் வேளாண் சட்டங்கள். செப்டம்பர் 20 அன்று மாநிலங்களவையில் எதிர்க்கட்சிகள் டிவிஷன் கேட்டன. உறுப்பினர்கள் அவரவர் இருக்கையிலிருந்து கேட்கவில்லை என்று சொல்லி, துணைத் தலைவர் ஹரிவன்ஷ் குரல் வாக்கெடுப்பில் மசோதாக்களை நிறைவேற்றினார். அவையில் அமளி, மறுநாள் எட்டு உறுப்பினர்கள் இடைநீக்கம். ஓராண்டுக்கும் மேல் விவசாயிகள் டெல்லி எல்லையில் உட்கார்ந்து போராடிய சட்டங்கள் அவை. மேலவையில் யார் ஆதரித்தார், யார் எதிர்த்தார் என்ற பெயர்ப் பட்டியல் இன்றைக்கும் கிடையாது. 2021 நவம்பர் 29 அன்று அவற்றைத் திரும்பப் பெற்ற மசோதாவும் இரு அவைகளிலும் குரல் வாக்கெடுப்பிலேயே, விவாதமில்லாமல் நிறைவேறியது. ஒரே சட்டத்தைக் கொண்டுவந்தபோதும் பெயர் இல்லை, நீக்கியபோதும் பெயர் இல்லை. இது எனக்கு உண்மையிலேயே வேதனை தரும் விஷயம். முடிவு எதுவாக வேண்டுமானாலும் இருக்கட்டும், முடிவெடுத்தவர்களின் பெயர் மக்களுக்குத் தெரிய வேண்டும்.

அரசியலமைப்புத் திருத்த மசோதாவில் மட்டும் இப்படித் தப்ப முடியாது. அங்கே மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேலும், அவைக்கு வந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கும் ஆதரவு வேண்டும். எண்ணாமல் இதை உறுதிசெய்ய முடியாது என்பதால் டிவிஷன் கட்டாயம். ஆகவே ஓர் எம்.பி.யின் வாக்குகளைத் தேடத் தொடங்குபவர் முதலில் அரசியலமைப்புத் திருத்த மசோதாக்களிலிருந்து தொடங்குவது நல்லது. அங்கே நிச்சயம் ஏதாவது கிடைக்கும்.

வெளிநடப்பு என்றால் என்ன கணக்கு

பொருளாதாரத்தில் நலிந்த முற்பட்ட வகுப்பினருக்கு 10 சதவீத இடஒதுக்கீடு தரும் அரசியலமைப்புத் திருத்தம் 2019 ஜனவரியில் வந்தது. 8-ஆம் தேதி மக்களவையில் 323-க்கு 3, மறுநாள் மாநிலங்களவையில் 165-க்கு 7 என்று நிறைவேறியது. சமூக நீதி என்றால் கொந்தளிக்கும் தமிழ்நாட்டின் நிலை என்ன? மக்களவையில் அப்போது திமுகவுக்கு ஒருவர்கூட இல்லை. 2014 தேர்தலில் 37 இடங்களை வென்ற அதிமுகதான் மாநிலத்தின் குரல். அதன் சார்பில் தம்பிதுரை மசோதாவைக் கடுமையாக எதிர்த்துப் பேசினார். வாக்கெடுப்பு வந்தபோது கட்சி வெளிநடப்பு செய்தது. மாநிலங்களவையிலும் அதிமுக வெளிநடப்பு செய்தது, திமுக எதிர்த்து வாக்களித்தது.

இதை வைத்துக்கொண்டு இரு தரப்பும் இன்றுவரை வாதாடுகின்றன. 'எதிர்த்தோம்' என்று அதிமுகவினர் சொன்னால் அவைக்குறிப்பில் பேச்சு இருக்கிறது. 'எதிர்த்து வாக்களிக்கவில்லை' என்று மற்றவர்கள் சொன்னால் வாக்குப் பட்டியலில் பெயர் இல்லை. இரண்டுமே உண்மை.

ஆனால் வெளிநடப்பு என்பது பொதுவாக நாம் நினைப்பதுபோல் நடுநிலை ஆகிவிடாது. மூன்றில் இரண்டு பங்கு என்ற கணக்கு, இருந்து வாக்களித்தவர்களை வைத்துத்தான். அவையில் 300 பேர் வாக்களித்தால் 200 ஆதரவு வேண்டும். எதிர்ப்பாளர்கள் 30 பேர் எழுந்து போய்விட்டால் மீதி 270-இல் 180 போதும். எதிர்ப்பைக் காட்ட வெளியேறியவர்கள், மசோதா தாண்ட வேண்டிய உயரத்தை இருபது வாக்கு இறக்கிக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். 323-க்கு 3 என்ற நிலையில் அதிமுகவின் வெளிநடப்பு முடிவை மாற்றியிருக்காது என்பது சரிதான். நெருக்கமான வாக்கெடுப்பில் இதுவே முடிவைத் தீர்மானிக்கும், 2012-இல் பார்த்தோமே. ஆகவே 'வெளிநடப்பு செய்தார்' என்று படித்தால் உடனே இரண்டு கேள்வி கேளுங்கள்: வித்தியாசம் எவ்வளவு? போகாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

அது அவருடைய வாக்கா, கட்சியின் வாக்கா?

இங்கேதான் இந்தியாவின் கதை மற்ற நாடுகளிலிருந்து விலகுகிறது. அமெரிக்க நாடாளுமன்றத்தில் ஒவ்வொருவரின் வாக்கையும் அவருடைய சொந்த நிலைப்பாடாகவே எடுத்துக்கொள்கிறார்கள். 2001 செப்டம்பர் 14 அன்று, இரட்டைக் கோபுரத் தாக்குதல் நடந்த மூன்றாம் நாள், ராணுவ நடவடிக்கைக்கு அதிபருக்கு அதிகாரம் தரும் தீர்மானம் பிரதிநிதிகள் சபையில் 420-க்கு 1 என்று நிறைவேறியது. அந்த ஒருவர் கலிஃபோர்னியாவின் பார்பரா லீ. கொலை மிரட்டல்கள் வந்தன, ஆனால் பதவி போகவில்லை. அதே தொகுதி அவரைத் திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுத்தது.

இங்கே அப்படி ஒருவர், எப்படி வாக்களிக்க வேண்டும் என்று கட்சி போடும் கொறடா உத்தரவை மீறினால் பதவியே போகலாம். 1985-இல் 52-ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின் மூலம் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்தது. கட்சி விட்டுக் கட்சி தாவி ஆட்சிகளைக் கவிழ்ப்பதைத் தடுக்க வந்த சட்டம் அது. ஆனால் கட்சியின் உத்தரவுக்கு மாறாக வாக்களித்தாலும், வாக்களிக்காமல் இருந்தாலும், கட்சி 15 நாளுக்குள் மன்னிக்காவிட்டால் தகுதி நீக்கத்துக்கு அது வழி செய்கிறது. நம்பிக்கை வாக்கெடுப்புக்கு மட்டும் இல்லை, கட்சி உத்தரவு போட்டால் எந்தச் சாதாரண மசோதாவுக்கும் இது பொருந்தும். கொறடா உத்தரவை அதன் அடிக்கோடுகளின் எண்ணிக்கையால் வகைப்படுத்துவார்கள். ஒரு கோடு என்றால் வாக்கெடுப்பு இருக்கிறது என்ற தகவல், இரண்டு கோடு என்றால் அவையில் இரு, மூன்று கோடு என்றால் இரு, கட்சி சொன்னபடி வாக்களி.

எனவே ஒரு திமுக எம்.பி.யும் இன்னொரு திமுக எம்.பி.யும், ஒரு பாஜக எம்.பி.யும் இன்னொரு பாஜக எம்.பி.யும் வாக்குப் பட்டியலில் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தெரிவார்கள். நம் உறுப்பினரின் வாக்கு முதலில் அவர் கட்சியின் நிலையைத்தான் சொல்கிறது. உத்தரவைச் சில வகை வாக்கெடுப்புகளோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், மற்றவற்றில் உறுப்பினர் மனசாட்சிப்படி வாக்களிக்கட்டும் என்று காங்கிரஸ் எம்.பி. மணீஷ் திவாரி தனிநபர் மசோதா (அமைச்சராக இல்லாத உறுப்பினர் கொண்டுவரும் மசோதா) கொண்டுவந்திருக்கிறார். அது இன்னும் சட்டமாகவில்லை. வர வேண்டிய மாற்றம் என்றே நான் நினைக்கிறேன்.

உத்தரவை மீறினால் தகுதி நீக்கம் தானாக வந்துவிடுமா என்றால், இல்லை. முடிவு சபாநாயகர் கையில். நம் சட்டமன்றத்திலேயே பார்த்தோம். 2017 பிப்ரவரி 18 அன்று எடப்பாடி பழனிசாமி அரசு 122-க்கு 11 என்று நம்பிக்கை வாக்கெடுப்பில் வென்றது. ஓ. பன்னீர்செல்வம் அணியின் 11 பேர் அரசுக்கு எதிராக வாக்களித்தனர். பிறகு இரு அணிகளும் இணைந்தன, பன்னீர்செல்வம் துணை முதல்வரானார், 11 பேரின் பதவிக்கும் ஒன்றும் ஆகவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், சபாநாயகரே முடிவெடுக்கட்டும் என்று திரும்பி வந்தது. அதே நாளில் எதிர்த்தரப்பு ரகசிய வாக்கெடுப்பு கேட்டது, சபாநாயகர் தனபால் மறுத்தார். உறுப்பினர்களை விடுதியில் அடைத்து வைத்திருந்த சூழலில் அந்தக் கோரிக்கை எழுந்தது புரிகிறது. ஆனால் ரகசிய வாக்கெடுப்பு நடந்திருந்தால் எந்தத் தொகுதியின் எம்.எல்.ஏ. எந்தப் பக்கம் நின்றார் என்பது அந்தத் தொகுதி மக்களுக்கு என்றைக்கும் தெரிந்திருக்காது. வாக்காளர் தனக்காக வாக்களிக்கிறார், அதனால் அது ரகசியமாக இருக்க வேண்டும். பிரதிநிதி நமக்காக வாக்களிக்கிறார், அது ரகசியமாக இருக்கக் கூடாது.

கொறடா எட்டாத இடங்கள்

அப்படியானால் தனி மனிதராக ஓர் உறுப்பினரை எங்கே பார்ப்பது? கொறடா உத்தரவு வாக்கைக் கட்டும். கேள்விகள், தனிநபர் மசோதாக்கள், குழுக் கூட்டங்கள், பேச்சின் உள்ளடக்கம் ஆகியவற்றில் உறுப்பினருக்குக் கொஞ்சம் சொந்த இடம் மிச்சம் இருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் திமுகவின் திருச்சி சிவா. திருநர் உரிமைகளுக்காக அவர் மாநிலங்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதா 2015 ஏப்ரல் 24 அன்று அவையில் நிறைவேறியது. தனிநபர் மசோதா ஒன்று ஓர் அவையில் நிறைவேறுவது பல பத்தாண்டுகளில் அதுவே முதல்முறை. சுதந்திரத்துக்குப் பிறகு மொத்தமே 14 தனிநபர் மசோதாக்கள்தான் சட்டமாகியிருக்கின்றன, கடைசியாக ஒன்று 1970-இல். சிவாவின் மசோதாவும் மக்களவையைத் தாண்டவில்லை. பிறகு அரசு தன் சொந்த மசோதாவைக் கொண்டுவந்தது. 2019-இல் அது மாநிலங்களவைக்கு வந்தபோது, தேர்வுக் குழுவுக்கு அனுப்பிச் சரிசெய்யுங்கள் என்று சிவா கோரினார், அவை ஏற்கவில்லை. ஒரு விஷயத்தை ஒருவர் ஆண்டுக்கணக்கில் விடாமல் பிடித்திருப்பது இப்படித்தான் பதிவில் தெரியும். ஒற்றை வாக்கில் இதைப் பார்க்க முடியாது.

குழுக்களையும் விட்டுவிடாதீர்கள். நாடாளுமன்றக் குழுக்களில் அறிக்கையோடு உடன்படாத உறுப்பினர் எழுத்தில் மறுப்புக் குறிப்பு தரலாம், அது அறிக்கையோடு இணைக்கப்படும். வக்ஃப் திருத்த மசோதாவை ஆராய்ந்த கூட்டுக்குழுவில் இருந்த திமுகவின் ஆ. ராசா போன்றவர்கள் 2025-இல் அப்படிக் குறிப்பு கொடுத்தார்கள். அவையில் நேரம் கிடைக்காமல் ஐந்து நிமிடத்தில் முடித்த பேச்சைவிட இந்தக் குறிப்புகளில் வாதம் தெளிவாக இருக்கும்.

பேச்சு ஏன் முக்கியம் என்பதற்கு 2023-இன் மகளிர் இடஒதுக்கீட்டு மசோதாவைப் பாருங்கள். மக்களவையில் 454-க்கு 2. எதிர்த்த இருவர் ஏஐஎம்ஐஎம் கட்சித் தலைவர் ஓவைசியும் அவர் கட்சியின் இம்தியாஸ் ஜலீலும். பட்டியலை மட்டும் பார்ப்பவர் 'இவர்கள் பெண்களுக்கு எதிரானவர்கள்' என்று எழுதிவிடுவார். பிற்படுத்தப்பட்ட, முஸ்லிம் பெண்களுக்கு உள்ஒதுக்கீடு இல்லை என்பது ஓவைசி சொன்ன காரணம். அதை ஏற்பதும் மறுப்பதும் நம் விருப்பம், ஆனால் காரணம் பேச்சில்தான் இருக்கிறது. அதேபோல ஆதரித்த 454 பேரும் ஒரே மனதோடு ஆதரிக்கவில்லை. தொகுதி மறுவரையறைக்கு (மக்கள்தொகைக்கு ஏற்பத் தொகுதிகளை மாற்றி அமைப்பதற்கு) பிறகே இது நடைமுறைக்கு வரும் என்ற நிபந்தனையை கனிமொழி அவையில் கடுமையாகக் கேள்வி கேட்டார், ஆனாலும் திமுக ஆதரித்தே வாக்களித்தது. தமிழ்நாட்டின் எம்.பி. இடங்கள் குறையுமா என்ற இன்றைய சண்டையின் ஒரு நுனி அந்த உரையில் இருக்கிறது.

கட்சி வாக்கையும் உறுப்பினர் பேச்சையும் ஒன்றென்று எண்ணிவிடவும் முடியாது. 2019 ஜூலையில் முத்தலாக் தடை மசோதாவை மக்களவையில் அதிமுகவின் ஒரே உறுப்பினரான ரவீந்திரநாத் குமார் ஆதரித்துப் பேசினார். ஐந்து நாள் கழித்து மாநிலங்களவையில் அதே கட்சியின் நவநீதகிருஷ்ணன் எதிர்த்துப் பேசினார், கட்சி வெளிநடப்பு செய்தது. 'அதிமுகவின் நிலைப்பாடு' என்று ஒரு வரியில் எழுத முடியாத வாரம் அது.

சொன்னது எங்கே, எப்போது

பொதுவெளியில் சொன்னதெல்லாம் ஒரே எடை கொண்டதல்ல. அவையில் பேசியது அவைக்குறிப்பில் சொல்லுக்குச் சொல் இருக்கும் (நீக்கப்பட்ட சொற்களைத் தவிர). அங்கே பேசியதற்காக நீதிமன்றம் போக முடியாது என்ற பாதுகாப்பும் உண்டு, அதனால் மனம் திறந்து பேச முடியும். நேரம் இல்லாதபோது எழுதி வைத்த உரையை அவையில் சமர்ப்பித்துவிடுவதும் உண்டு, அதுவும் குறிப்பில் ஏறும். தேர்தல் அறிக்கை கட்சியின் வாக்குறுதி. விமான நிலையத்தில் மைக்கை நீட்டும்போது சொல்வது அந்த நேரத்துப் பதில். இவை முரண்பட்டால் நான் முதலில் அவையில் சொன்னதையும் செய்ததையும்தான் எடுத்துக்கொள்வேன்.

காலமும் முக்கியம். 2002 மார்ச் 26 அன்று பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான பொடா இரு அவைகளின் கூட்டுக் கூட்டத்தில் 425-க்கு 296 என்று நிறைவேறியது. அதற்கு முன் மாநிலங்களவை அதைத் தோற்கடித்திருந்தது. தேசிய ஜனநாயகக் கூட்டணியில் இருந்த திமுகவும் மதிமுகவும் ஆதரித்தன. அதே ஆண்டு ஜூலையில், விடுதலைப் புலிகளை ஆதரித்துப் பேசியதற்காக வைகோ அந்தப் பொடாவிலேயே கைதாகி ஏறக்குறைய 19 மாதம் வேலூர் சிறையில் இருந்தார். 2004 தேர்தலில் இரு கட்சிகளும் காங்கிரஸ் கூட்டணிக்கு வந்தன, அந்த ஆட்சி பொடாவை நீக்கியது. இன்னொன்று, 2019 டிசம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு மாநிலங்களவையில் ஆதரவாக வாக்களித்த அதிமுக, 2021 சட்டமன்றத் தேர்தல் அறிக்கையில் அந்தச் சட்டத்தைக் கைவிட மத்திய அரசை வலியுறுத்துவோம் என்றது.

நிலைப்பாடு மாறுவதே குற்றம் என்று நான் சொல்லவில்லை. பட்டறிவால் மாறலாம், மக்கள் போராட்டத்தால் மாறலாம், கூட்டணி மாறியதால் மாறலாம். மாறியவர் அதை வெளிப்படையாகச் சொல்லி, காரணம் கூறினாரா என்பதைத்தான் பார்க்க வேண்டும். பழைய வாக்கைப் பற்றிப் பேசாமலே புதிய வாக்குறுதி கொடுத்தால், அந்தப் பழைய வாக்கைப் பற்றிக் கேட்கிற உரிமை நமக்கு இருக்கிறது.

எப்படித் தேடுவது

நாடாளுமன்றத்தின் சன்சத் இணையதளத்தில் மக்களவைக்கும் மாநிலங்களவைக்கும் தனித்தனிப் பகுதிகள் உண்டு. உறுப்பினர் பெயரில் தேடினால் அவர் கேட்ட கேள்விகள், பங்கேற்ற விவாதங்கள் வரும். வாக்குகளுக்கு அப்படி ஆள்வாரியான பட்டியல் எதிர்பார்க்காதீர்கள். மசோதா எந்தத் தேதியில் வாக்கெடுப்புக்கு வந்தது என்று தெரிந்துகொண்டு, அந்த நாளின் முழு அவைக்குறிப்பைத் திறந்து, 'டிவிஷன்' நடந்த இடத்துக்குப் போனால் ஆம், இல்லை, வாக்களிக்காதவர் என்று பெயர்கள் வரிசையாக இருக்கும். பொறுமை வேண்டும், ஒரு நாள் குறிப்பே நூற்றுக்கணக்கான பக்கங்கள் போகும்.

பி.ஆர்.எஸ். என்ற ஆய்வு அமைப்பு 2005 முதல் நாடாளுமன்றத்தைக் கவனித்து வருகிறது. ஒவ்வொரு எம்.பி.யின் வருகை, கேள்விகள், விவாதங்கள் அதன் தளத்தில் எளிதாகக் கிடைக்கும். வருகை சதவீதத்தை வைத்துத் தரம் பிரிக்கும் பட்டியல்களை மட்டும் கொஞ்சம் எச்சரிக்கையோடு பாருங்கள். அமைச்சர்களும் எதிர்க்கட்சித் தலைவரும் வருகையைப் பதிவு செய்யத் தேவையில்லை, அமைச்சர்கள் கேள்வி கேட்பதும் இல்லை. அவர்கள் பெயருக்கு நேரே எண் இல்லாததைச் சோம்பல் என்று நினைக்கக் கூடாது. வருகையைப் பதிவு செய்தவர் அன்று மாலை வாக்கெடுப்பின்போது இருக்கையில் இருந்தார் என்பதற்கும் அது சான்றாகாது.

குரல் வாக்கெடுப்பில் போன மசோதா என்றால் ஆவணத்தில் தேடிப் பயனில்லை, ஆளைத்தான் கேட்க வேண்டும். எம்.பி.க்களின் அலுவலக முகவரியும் மின்னஞ்சலும் அதே தளத்தில் இருக்கின்றன. மசோதாவின் பெயர், அவை, தேதி மூன்றையும் குறிப்பிட்டு, அன்று நீங்கள் அவையில் இருந்தீர்களா, ஆம் என்றீர்களா இல்லை என்றீர்களா, கட்சி உத்தரவு இருந்ததா என்று மூன்றே கேள்வி எழுதி அனுப்பலாம். தொகுதியில் மனு வாங்கும் நாளில் நேரிலும் கொடுக்கலாம். பதில் எழுத்தில் வந்தால் பத்திரமாக வையுங்கள், அடுத்த தேர்தலில் அவரே வேட்பாளராக வரும்போது அதை எடுத்துக்கொண்டு போய்ப் பேச முடியும்.